செம்பூர்ப் புல்லுக்குள் கிடந்த கண்ணாடி

உங்களில் பாதிப்பேர் கல்லூரியில் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். கார்டில் லேண்ட்ஸ்கேப் என்று அச்சடித்திருக்கிறீர்கள். நான் தொடங்கியபோது பம்பாயில் தோட்டக்காரர்களான எங்களுக்கு ஒரே பெயர்தான், மாலி. தொட்டியில் துளசி வைத்தாலும் மாலி, ஒரு ஏக்கரைப் புரட்டித் தோட்டமாக்கினாலும் மாலி. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

எந்தச் செடிக்கு எவ்வளவு வெயில், எவ்வளவு தண்ணீர் என்பதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புத்தகத்தில் இருக்கிறது. இல்லாவிட்டால் இரண்டு செடிகளைச் சாகக் கொடுத்தால் தானாகவே தெரிந்துவிடும். நான் சொல்ல வந்தது வேறு. செடி செத்தால் இன்னொன்று வைக்கலாம். அப்படி ஈடுகட்ட முடியாத தவறுகளும் இந்தத் தொழிலில் உண்டு. அப்படி ஒன்றின் விளிம்பு வரைக்கும் நான் போயிருக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. ஒருவரிடம் கூலிக்கு இருந்துவிட்டு, சொந்தமாக வேலை எடுக்கத் தொடங்கி மூன்றாவது வருஷம். தாராவியில் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் நிறைந்த ஒரு சந்தில் குடியிருந்தேன். என் மனைவியின் தம்பி சுடலைதான் என்னோடு வேலை செய்தவன். மண் வெட்டுவதில் அவனுக்கு இணை கிடையாது. அதுவரை எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் மாட்டுங்காவில் வீட்டு வாசல்களும் பால்கனித் தொட்டிகளும்தான். அங்கே ஒரு வீட்டு மாமி சொல்லித்தான் செம்பூர்ப் பள்ளிக்கூடத்து வேலை வந்தது.

புதிதாகக் கட்டிய சின்னப் பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். முன்னால் கல்லும் கரடுமாகக் கிடந்த மைதானத்தை நிரப்பிப் புல் போட வேண்டும். தலைமையாசிரியை மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். நாங்கள் அவரைப் பெரிய டீச்சர் என்போம். முதல் நாளே மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டு சொன்னார்:

"இங்க வர்ற குழந்தைகள்ல பாதிப்பேருக்கு ஷூ இருக்கு, பாதிப்பேருக்குச் செருப்புகூடக் கிடையாது. டிரில் பண்றச்சே அது கண்ணுல படப்படாது. அதனால எல்லாரும் வெறுங்கால்தான். அதுக்கு ஏத்த புல்லாப் போட்டுக் கொடுங்கோ."

அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அருகம்புல் போடுவதென்று முடிவு செய்து, கீழே செம்மண்ணை நிரப்பி, மேலே ஒரு சாண் நல்ல எருமண் பரப்பத் திட்டமிட்டேன். அந்த எருமண்ணில்தான் கோட்டை விட்டேன்.

ஒரு லாரிக்காரர் வந்தார். தேவ்நார் பக்கம் குப்பை மேட்டின் அடியிலிருந்து எடுத்த பழைய மண் என்றார். "ஏக்தம் சோனா ஹை, பாய்" என்றார். சொக்கத் தங்கம் என்று அர்த்தம். லாரியின் மேல் ஏறி ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தேன். கன்னங்கரேலென்று, பொலபொலவென்று, மழைவாசனையோடு இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் அப்படி ஒரு மண்ணைப் பார்த்தால் கும்பிடுவார்கள். மேலே இருந்ததை மட்டும்தான் அள்ளினேன். லாரியின் அடியில் கையை விட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஜூன் மழைக்கு முன்னால் முடிக்க வேண்டுமே என்ற அவசரம் வேறு.

மழை விழுந்தது. புல் பிடித்தது. ஜூலை முடியும்போது அந்த மைதானம் பச்சைக் கம்பளம் மாதிரிக் கிடந்தது. போகிற வருகிறவர்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். இனி செம்பூர் முழுக்க நம் கையில்தான் என்று நானும் சுடலையும் பஸ்ஸில் பேசிக்கொண்டே வருவோம். வேர் நன்றாகப் பிடிக்கட்டும் என்று அதுவரை குழந்தைகளை உள்ளே விடவில்லை. ஆகஸ்ட் பதினைந்து கொடியேற்றத்தன்று முதல் தடவையாக அவர்கள் புல்லில் இறங்கி டிரில் செய்வதாக ஏற்பாடு.

அதற்கு ஐந்து நாள் முன்னால் களை எடுக்க உட்கார்ந்தேன். விரலுக்குப் பக்கத்தில் ஏதோ மினுங்கியது. மருந்துச் சீசாவின் உடைந்த துண்டு. எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். கை நகர்ந்தது, இன்னொன்று. அப்புறம் ஒரு வளையல் துண்டு. அப்புறம் ஊசிமருந்துக் குப்பியின் கழுத்து. இரண்டு மாத மழை மண்ணைக் கழுவிக் கழுவி, உள்ளே கிடந்ததை மேலே கொண்டுவந்திருந்தது. ஒரு பாய் விரிக்கிற இடத்தில் கைநிறையச் சேர்ந்துவிட்டது.

சுடலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அத்தான், ரோலரப் போட்டு அமுக்கிருவோம். மண்ணு ஈரமாத்தான கெடக்கு. உள்ள போயிரும்."

"பிள்ளைகள் ஓடுற இடம்லே."

"அஞ்சு நாள்ல வேற என்ன செய்வீக? சொன்னா வேலையும் போச்சு, பேரும் போச்சு."

நான் அவனைத் திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை. இரண்டு பேருமாக அன்று சாயங்காலம் வரை ரோலரை இழுத்தோம். இதை மறைக்காமல் உங்களுக்குச் சொல்கிறேன். பயம் வந்தால் கை தானாகவே மூடி மறைக்கத்தான் போகும். அது உங்களுக்கும் நடக்கும்.

இரவு நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தால் பழையபடி மினுங்குகிறது. முன்னைவிட அதிகமாகவே. ரோலர் அவற்றைக் கீழே தள்ளவில்லை, உடைத்திருக்கிறது. நேற்று ஒன்றாகக் கிடந்தது இன்று நாலாகக் கிடந்தது. புல்லில் நின்ற மழைத்துளி எது, கண்ணாடி எது என்று வேறு தெரியவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மைதானத்தின் குறுக்கே நடந்தேன். என் பாதம் சின்ன வயதிலிருந்தே கரிசல்காட்டில் நடந்து காய்த்துப்போன பாதம். பாதி தூரம்கூடப் போகவில்லை, சுருக்கென்று ஏறிவிட்டது. உட்கார்ந்து பிடுங்கினேன். அரிசி அளவுதான் இருந்தது. என் கால் இப்படியென்றால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கால் என்ன ஆகும்? நொண்டிக்கொண்டே பெரிய டீச்சரின் அறைக்குப் போனேன்.

கைக்குட்டையை மேஜைமேல் விரித்து வைத்தேன். அவர் கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"இதெல்லாம் நம்ம கிரவுண்டுலயா?"

"ஆமா டீச்சர். எருமண்ணோட வந்துட்டு. நான் சரியாப் பாக்கல."

"எப்போ தெரிஞ்சுது?"

"நேத்து மத்தியானம்."

"நேத்தே ஏன் சொல்லலை?"

"பயந்துட்டேன். ரோலர் போட்டு அமுக்கப் பாத்தேன். அது இன்னும் மோசமாயிட்டு."

அவர் கைக்குட்டையின் நாலு முனையையும் சேர்த்து மூடினார். திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். கடைசியில், "நாலு நாள் இருக்கு. என்ன பண்ணப் போறேள்?" என்றார்.

"பொறுக்கி எடுக்கப் பாக்கேன். முடியலன்னா புல்லோட வழிச்செடுத்துருதேன்."

"சரி. ஆனா ஒண்ணு. அன்னிக்கு மட்டும் எல்லாரும் ஷூ போட்டுண்டு வாங்கோன்னு நான் சர்க்குலர் அனுப்பமாட்டேன். ஷூ இல்லாதவா அன்னிக்கு ஸ்கூலுக்கே வரமாட்டா. பதினாலாம் தேதி சாயங்காலம் நான் வெறுங்கால்ல நடந்து பார்ப்பேன். என் கால்ல படலைன்னா குழந்தைகள் நடப்பா. பட்டுதுன்னா வராண்டாவுல கொடியேத்திக்கறோம்."

அன்று முழுக்க நானும் சுடலையும் மண்டியிட்டுப் பொறுக்கினோம். இருட்டும்போது திரும்பிப் பார்த்தால் ஒரு ஓரம்தான் முடிந்திருந்தது. அதையும் சுத்தம் என்று சத்தியம் செய்ய முடியாது. அந்தக் கணக்கில் மாதம் முடியும்வரை பொறுக்க வேண்டும்.

பஸ்ஸில் சயான் வரை வந்து, அங்கிருந்து தாராவிக்குள் நடந்தோம். எங்கள் சந்துக்கு முன்னால் ஒரு உடைசல் குடோன் இருந்தது. நகரம் முழுக்க உடைகிற சீசாக்களும் கண்ணாடிகளும் அங்கே குவியலாக வந்து கொட்டும். பெண்கள் உட்கார்ந்து வெள்ளை தனி, பச்சை தனி, பழுப்பு தனி என்று பிரிப்பார்கள். தினமும் அந்த வழியாகத்தான் போய்வருவேன். அன்றுதான் நின்று பார்த்தேன். பேச்சியம்மாள் என்று எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண், என் வயதுதான் இருக்கும், பக்கத்தில் இருந்தவளோடு சண்டை போட்டுக்கொண்டே கையிலிருந்த சின்ன இரும்புக் கொக்கியால் குவியலைக் கிளறிப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். குவியலைப் பார்க்கவே இல்லை.

அவளிடம் போய் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள்.

"ஊரே எங்ககிட்ட கண்ணாடியக் கொண்டாந்து கொட்டுது. நீங்க ஒருத்தர்தான் வாங்கிட்டுப் போயி மண்ணுக்குள்ள பொதச்சிருக்கிய."

"தப்புதான் பேச்சியம்மா. எடுத்துத் தரமுடியுமா?"

சிரிப்பு நின்றது. "புல்லு எம்புட்டு ஒசரம்?"

"ஒரு விரல் நீளம்."

"அப்ப கண்ணு உதவாது. மழத்தண்ணியும் மினுங்கும், கண்ணாடிச் சில்லும் மினுங்கும். காதாலதான் எடுக்கணும்."

எனக்குப் புரியவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு கொக்கியைக் குவியலில் மெல்ல இழுத்தாள். "இது கல்லு… இது தகரம்… இந்தா, இது சீசா." கண்ணைத் திறக்காமலே எடுத்து என் கையில் வைத்தாள். சீசாத் துண்டுதான்.

மழைக்காலமானதால் குடோனில் பாதி நாள் வேலை இல்லை. அவளோடு எட்டுப் பெண்கள் வரச் சம்மதித்தார்கள். குடோனில் வாங்குவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கூலி பேசினோம். கிளம்பும்போது பேச்சியம்மாள் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"நாங்க இழுக்கும்போது ஒரு சத்தம் வரப்படாது. நீங்க, ஒங்க மச்சினன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைய, ஒருத்தரும் பேசப்படாது. சரின்னா வாரோம்."

முந்நூறு பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கூடத்தில் சத்தம் கூடாது என்று நான் எப்படிப் போய்ச் சொல்வேன்? மறுநாள் காலை தயங்கித் தயங்கித்தான் பெரிய டீச்சரிடம் சொன்னேன். அவர் வராண்டாவில் வரிசையாக நின்ற ஒன்பது பெண்களையும் அவர்கள் கையிலிருந்த கொக்கிகளையும் பார்த்தார். ஒவ்வொரு வகுப்பாக ஏறி இறங்கினார்.

அந்த இரண்டு நாட்களை நான் என் ஆயுளில் மறக்கமாட்டேன். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கவில்லை. பாடவேளை முடிந்தால் பியூன் ஜன்னல் ஜன்னலாகப் போய் விரலைக் காட்டிச் சொல்லிவிட்டு வந்தார். வாய்ப்பாடு ஒப்பிக்கிற வகுப்புகள் எழுதிப் படித்தன. நாங்கள் மைதானத்தின் குறுக்கே கயிறு கட்டி, ஒரு கை அகலத்துக்குப் பட்டை பட்டையாகப் பிரித்துக் கொடுத்தோம். பெண்கள் குனிந்து, கொக்கியைப் புல்லின் அடியில் இழுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார்கள். கிணுக் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். கை போகும். பக்கத்தில் இருந்த தகர டப்பாவில் துண்டு விழும். மறுபடி அமைதி. ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் சின்ன முகங்கள் வாயைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தன. ஒரு குழந்தைக்குத் தும்மல் வந்து, இரண்டு கையாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தவித்ததை நானே பார்த்தேன்.

பன்னிரண்டும் பதின்மூன்றும் அப்படிப் போயின. மூன்றில் இரண்டு பங்கு முடிந்தது. பதினாலாம் தேதி விடிந்ததிலிருந்தே மழை. மழைச் சத்தத்தில் கொக்கியின் சத்தம் கேட்காது. பெண்கள் வராண்டாவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். நான் வானத்தைப் பார்ப்பதும் மைதானத்தைப் பார்ப்பதுமாக நடந்துகொண்டே இருந்தேன். மூன்று மணிக்கு மேல்தான் விட்டது. வெளிச்சம் இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும்.

"வேகமா இழுத்தா முடிச்சிரலாமா?" என்று கேட்டேன்.

பேச்சியம்மாள் என்னை முறைத்தாள். "வேகமா இழுத்தா இழுக்கலாம். ஒண்ணு ரெண்டு தங்கிரும். ஒண்ணு தங்குனா போதும்லா அண்ணாச்சி, ஒரு பிள்ளைக்கு?"

சுடலை என் காதருகே வந்தான். நாலு நாள் முன்னால் ரோலர் போடச் சொன்னவன். "அத்தான், வழிச்சிருவோம்" என்றான்.

மறுநாள் விருந்தாளிகள் வருகிறார்கள். செம்பூரில் தோட்டம் போடக்கூடிய அத்தனை பேரும் வேலியோரம் நிற்பார்கள். அவர்கள் கண்முன்னால் என் பச்சைக் கம்பளம் மூன்றில் ஒரு பங்கு மொட்டையாகக் கிடக்கும். ஒரு பீடி பற்றவைக்கிற நேரம்தான் யோசித்தேன். மண்வெட்டியை நான்தான் முதலில் போட்டேன். இரண்டு மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்த புல்லை வேரோடு சுருட்டி எடுத்தோம். எருமண்ணைக் கீழே செம்மண் தெரிகிற வரைக்கும் வழித்துக் கூடையில் அள்ளினோம். பெண்களும் கூடை சுமந்தார்கள். ஒரு கூடை மண்கூடச் சுத்தமான பக்கம் சிந்திவிடக்கூடாது என்று பேச்சியம்மாள் நடுவில் கோணியை விரித்துக் காவல் நின்றாள். எல்லையில் கயிறு கட்டி முடித்தபோது பெரிய டீச்சர் வந்தார்.

மொட்டையாகக் கிடந்த பக்கத்தைப் பார்த்தார். "இது?"

"நேரம் பத்தல டீச்சர். நிச்சயமாச் சொல்ல முடியாததை வழிச்சுட்டோம். கயித்துக்கு இந்தப் பக்கம் நடக்கலாம்."

செருப்பைப் படியோரம் விட்டுவிட்டு இறங்கினார். குறுக்கும் நெடுக்குமாக, ஓரங்களில், மூலைகளில், எங்கே குழந்தைகள் முட்டி மோதித் திரும்புவார்களோ அங்கெல்லாம் நடந்தார். நாங்கள் பதினொரு பேரும் கயிற்றோரம் நின்றோம். வெகுநேரம் நடந்தார். படிக்குத் திரும்பிவந்து, ஒரு காலைத் தூக்கித் துடைத்துப் பார்த்தார். மறு காலையும் பார்த்தார்.

"நாளைக்கு எல்லாரும் வந்துடுங்கோ," என்றார். "இவா ஒன்பது பேரும் வரணும். அவசியம் வரணும்."

மறுநாள் கொடி ஏறியதை நான் பார்க்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் கால்கள்தான். சின்னச் சின்னக் கால்கள் நூற்றுக்கணக்கில் மேலும் கீழுமாகக் குதித்தன. ஒவ்வொரு தடவை அவை தரையில் படும்போதும் என் உயிர் போய்ப் போய் வந்தது. ஒரு பிள்ளையும் அழவில்லை. ஒருவனும் காலைத் தூக்கிப் பிடிக்கவில்லை. எது ஷூ வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளையின் கால், எது செருப்புகூட இல்லாத வீட்டுப் பிள்ளையின் கால் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

விருந்தாளியாக வந்தவர் மொட்டைப் பக்கத்தைக் காட்டி ஏதோ கேட்டார். பெரிய டீச்சர், "அங்கே மண் சரியில்லை. எங்க கான்டிராக்டரே கண்டுபிடிச்சு எடுத்துட்டார்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். வேலியோரம் நின்றிருந்த ஒருவர் அன்றே தன் பங்களாவுக்கு வரச்சொன்னார். தவறைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தவனுக்கு, சொன்னதால் வேலை வந்தது. எப்போதும் இப்படியே நடக்கும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்கமாட்டேன். இன்னொரு சமயம் மாட்டுங்காவில் உண்மையைச் சொல்லி ஒரு வீட்டை இழந்திருக்கிறேன். ஆனாலும் சொல்லிவிட்டு நடக்கிறபோது பஸ் ஸ்டாப்பு வரைக்கும் தலை நிமிர்ந்திருக்கும். அது சின்ன விஷயமில்லை.

அதற்குப் பிறகு பல வருஷம், என் வேலைக்கு எந்த மண் லாரி வந்தாலும் பேச்சியம்மாள் கொக்கியோடு ஏறிப் பார்க்காமல் இறக்கினதில்லை. அவள் தலையை ஆட்டினால் லாரி திரும்பிப் போகும். லாரிக்காரர்கள் அவளுக்குப் பயந்ததுபோல் எனக்கு ஒருநாளும் பயந்ததில்லை. உங்களிடம் மண்ணைச் சோதிக்க எத்தனையோ முறைகள் இருக்கின்றன. அவற்றோடு, நீங்கள் தினமும் தாண்டிப்போகிற சந்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன தெரியும் என்றும் ஒருதடவை கேட்டுப் பாருங்கள்.

அன்றைக்கு நடந்த ஒன்று பாக்கியிருக்கிறது. பிள்ளைகள் மிட்டாய் வாங்கிக்கொண்டு கலைந்த பிறகு, பெண்கள் கேட்டுக்குப் பக்கத்திலேயே கூட்டமாக நின்றார்கள். பெரிய டீச்சர் கைகாட்டிக் கூப்பிட்டார். "வாங்கோ, நீங்களும் நடந்து பாருங்கோ."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் போட்டிருந்தது டயரை அறுத்துத் தைத்த கனத்த செருப்பு. குடோனில் அது இல்லாமல் ஒரு அடி வைக்க முடியாது. பழக்கத்தில் தண்ணீர் பிடிக்கப் போனாலும் கடைக்குப் போனாலும் அதோடுதான் போவார்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வெளியே வெறுங்காலை வைத்ததே இல்லை என்று ஒருத்தி சொன்னாள். கடைசியில் பேச்சியம்மாள்தான் முதலில் கழற்றினாள். தழும்பேறிய பாதத்தை மெல்லப் புல்லில் வைத்தாள். நாலு அடி நடந்தவள் சட்டென்று நின்றாள்.

"சில்லு…" என்றாள்.

ஓடினேன். "எங்க? எந்த எடத்துல?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு காலையும் புல்லில் ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

"சில்லுன்னு இருக்கு அண்ணாச்சி!"